ஆங்கில இலக்கணமும் வாசித்துப் புரிந்துகொள்ளலும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் ஆங்கிலம் கற்க வருபவர்களில் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரிகள் உண்டு. வெளிநாடு செல்லக் காத்திருக்கும் செவிலியர்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்பை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரும் உண்டு. வயதும் தேவையும் வேறுபட்டாலும் அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். அவற்றை நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படித்தால் விளக்கம் எளிதில் பிடிபடும்.

கிராமரே தெரியாம எத்தனையோ பேர் இங்கிலீஷ் பேசுறாங்க. நான் மட்டும் எதுக்கு அதைப் படிக்கணும்?

கன்னியாகுமரியில் சங்குமாலை விற்பவர் வெளிநாட்டுப் பயணியிடம் பேசும் ஆங்கிலம் அவருடைய தேவைக்கு முற்றிலும் போதுமானது. கையசைவும் முகக்குறிப்பும் எதிரே இருக்கும் பொருளும் அவருக்குத் துணை நிற்கின்றன; புரியாவிட்டால் திரும்பக் கேட்கவும் முடியும். அச்சிட்ட பக்கத்திடம் திரும்பக் கேட்க முடியாது. அங்கே பொருளைத் தாங்கி நிற்பவை சொற்களின் வரிசையும், சொல்லின் இறுதியில் ஒட்டும் சிறு எழுத்துகளும், 'ஹாட்', 'வாஸ்', 'தி' போன்ற குட்டிச் சொற்களும்தான். ஆகவே பேசுவதைவிட வாசிப்பதற்கே இலக்கணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இலக்கணத்தையும் வாசிப்பையும் இரண்டு தனிப் பாடங்களாகப் பிரித்து, காலையில் விதிகளையும் மாலையில் பத்திகளையும் படிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே வேலை என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த அடிப்படையில் அமைந்தவை.

பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியம். எங்கேயிருந்து தொடங்கணும்?

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்குங்கள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றைப் பிரிக்கத் தெரிந்தவருக்கும், வினைமுற்றுக்கும் பெயரெச்சத்துக்கும் வேறுபாடு தெரிந்தவருக்கும் ஆங்கில வாக்கியத்தைப் பிரிக்கத் தேவையான கருவிகள் பாதிக்குமேல் கைவசம் இருக்கின்றன. தமிழ் வழியில் படித்ததைக் குறையாக எண்ணுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

முதலில் ஒரே ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தாலும், பொருள் தேடுவதற்கு முன் அதன் முதன்மை வினையின் கீழ் ஒரு கோடும், அந்த வினையைச் செய்தவர் அல்லது செய்த பொருளின் கீழ் இன்னொரு கோடும் இடுங்கள். எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இதைச் செய்து பழகினால் போதும். பெரிய நூலை உடனே எடுக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியுது. ஆனா மொத்தமாப் படிச்சா வாக்கியம் புரியமாட்டேங்குது. ஏன் சார்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. காரணமும் தெளிவாகச் சொல்லக்கூடியது. தமிழில் ஒரு பெயரைப் பற்றிய விவரம் எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் வந்துவிடும். வினைமுற்று கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நீண்ட விவரம் பெயருக்குப் பின்னால் வரும். முதன்மை வினை நடுவில் நிற்கும். தமிழ் வாசகர் தம்மையறியாமல் கடைசியில் வரும் வினையை முதன்மை வினையாக எடுத்துக்கொள்கிறார். அங்கேதான் பொருள் புரண்டுவிடுகிறது.

நம் மாவட்ட வரலாற்றிலிருந்தே ஒரு வாக்கியத்தைப் பார்க்கலாம். 'டிலனாய், ஹூ வாஸ் டிஃபீட்டட் அட் குளச்சல் இன் 1741, லேட்டர் ட்ரெயின்ட் தி ஆர்மி தட் ஹாட் டிஃபீட்டட் ஹிம்.' திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் குளச்சலில் தோற்ற டச்சுத் தரப்புத் தளபதியைப் பற்றிய வாக்கியம் இது. இதில் வினைகள் மூன்று: 'வாஸ் டிஃபீட்டட்', 'ட்ரெயின்ட்', 'ஹாட் டிஃபீட்டட்'. இவற்றுள் 'ஹூ'வுக்குப் பின் வருவதும் 'தட்'டுக்குப் பின் வருவதும் தமக்கு முன்னால் நிற்கும் பெயரை விவரிக்க வந்தவை. அவ்விரு பகுதிகளையும் விரலால் மறைத்துவிட்டால் எஞ்சுவது 'டிலனாய் லேட்டர் ட்ரெயின்ட் தி ஆர்மி', அதாவது டிலனாய் பின்னாளில் படைக்குப் பயிற்சி அளித்தார் என்பது. அதுதான் வாக்கியத்தின் முதுகெலும்பு.

மறைத்த பகுதிகளைத் தமிழில் பெயரெச்சமாக்கிப் பெயருக்கு முன்னால் கொண்டுபோனால் முழு வாக்கியமும் கிடைத்துவிடும்: '1741-இல் குளச்சலில் தோற்கடிக்கப்பட்ட டிலனாய், தம்மைத் தோற்கடித்த படைக்கே பின்னாளில் பயிற்சி அளித்தார்.' 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவற்றால் தொடங்கிப் பெயரை விவரிக்கும் பகுதி, தமிழின் பெயரெச்சத் தொடர் செய்யும் வேலையைச் செய்கிறது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், ஆங்கில நாளிதழின் நீண்ட வாக்கியங்கள் அச்சம் தருவது பெருமளவு குறையும். இந்த டிலனாய் வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பதில்களிலும் அது தேவைப்படும்.

'ஹூ', 'விச்' எதுவுமே இல்லாம நீளமா வர்ற வாக்கியத்தை என்ன செய்யறது?

அச்சொற்கள் பல இடங்களில் மறைந்து நிற்கும். 'தி மாத்தூர் அக்விடக்ட், பில்ட் இன் 1966, கேரீஸ் வாட்டர் அக்ராஸ் தி வேலி' என்ற வாக்கியத்தில் 'பில்ட்' என்பதற்கு முன் 'விச் வாஸ்' தொக்கி நிற்கிறது. '1966-இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம் பள்ளத்தாக்கின் குறுக்கே தண்ணீரைக் கொண்டு செல்கிறது' என்பது பொருள். 'பில்ட்' என்பதைக் 'கட்டியது' என்று வினைமுற்றாகப் படித்தால், பாலம் எதையோ கட்டியது என்றாகிவிடும்.

இறந்தகால வடிவம்போலத் தோன்றும் சொல் பெயரை ஒட்டி வந்து, அதற்கு அப்பால் இன்னொரு வினையும் இருந்தால், முதலில் வந்தது பெயரெச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். 'ஐஎன்ஜி' என்று முடியும் சொல்லும் இப்படியே வரும். 'தி விமன் செல்லிங் ஃபிஷ் நியர் தி பஸ் ஸ்டாண்ட் லெஃப்ட் எர்லி' என்றால் 'பேருந்து நிலையத்தருகே மீன் விற்கும் பெண்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள்' என்று பொருள். முதன்மை வினை 'லெஃப்ட்'.

'ஹி', 'ஷி' வந்தா வினையில 'எஸ்' சேர்க்கணும்னு சொல்றாங்க. சேர்க்கலைன்னா என்ன கெட்டுப்போகும்?

பேச்சில் பெரிதாக எதுவும் கெடாது. வாசிப்பில் அந்த எழுத்து நமக்கு வழிகாட்டி. 'தி ஹைட் ஆஃப் தி வேவ்ஸ் டிசைட்ஸ் எவ்ரிதிங்' என்னும்போது, வினைக்கு மிக அருகில் இருப்பது 'வேவ்ஸ்' என்ற பன்மை. ஆனால் 'டிசைட்ஸ்' என்பதன் இறுதி 'எஸ்', எழுவாய் ஒருமை என்று காட்டிக்கொடுக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் தீர்மானிப்பது அலையின் உயரமே. வேலைத் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் பல இந்த ஒரு இடத்தையே சுற்றி வருகின்றன.

பன்னிரண்டு டென்ஸையும் மனப்பாடம் செய்யணுமா?

அட்டவணையாக மனப்பாடம் செய்ய வேண்டாம். சாதாரண நிகழ்காலம், தொடர் நிகழ்காலம், சாதாரண இறந்தகாலம், 'ஹாவ்' சேர்ந்த வடிவம், 'ஹாட்' சேர்ந்த வடிவம், 'வில்' சேர்ந்த எதிர்காலம் ஆகிய ஆறும் உறுதியானால் செய்தித்தாளில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். மற்றவை படிக்கப் படிக்க வந்து சேரும்.

தமிழர்கள் வழுக்குவது இரண்டு இடங்களில். நாம் 'நேற்று திருவனந்தபுரம் போயிருந்தேன்' என்று சொல்வதால் 'ஐ ஹாட் கான்' என்று எழுதிவிடுகிறோம். அங்கே 'ஐ வென்ட்' போதும். 'ஹாட்' வடிவம், நடந்து முடிந்த இரண்டு செய்திகளுள் எது முந்தியது என்று காட்ட வருவது. டிலனாய் வாக்கியத்தில் பயிற்சியும் இறந்தகாலம், தோல்வியும் இறந்தகாலம். தோல்வி முந்தியது என்பதை 'ஹாட் டிஃபீட்டட்' சொல்கிறது. இரண்டாவது, 'பத்து வருஷமா தக்கலையில இருக்கேன்' என்பது. இதை 'ஐ ஹாவ் லிவ்ட் இன் தக்கலை ஃபார் டென் இயர்ஸ்' என்று 'ஹாவ்' சேர்த்து எழுத வேண்டும். 'ஹாவ்' இல்லாமல் 'ஐ லிவ்ட்' என்று வந்தால், அவர் இப்போது தக்கலையில் இல்லை என்று வாசகர் எடுத்துக்கொள்வார். கேள்வித்தாளில் இந்த ஒரு சொல்லை வைத்தே விடை மாறும்.

'எ', 'ஆன்', 'தி' எதுவும் தமிழ்ல இல்லையே. இதை எப்படிப் பிடிக்கறது?

'எ', 'ஆன்' இரண்டையும் தீர்மானிப்பது எழுத்தல்ல, ஒலி. அதனால்தான் 'ஆன் அவர்' என்றும் 'எ யூனிவர்சிட்டி' என்றும் வருகிறது. 'தி' என்பது, எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும் என வாசகரிடம் குறிப்பால் உணர்த்துவது. முதலில் 'எ மேன்' என்று அறிமுகமானவர் அடுத்த வரியில் 'தி மேன்' ஆகிவிடுவார். பத்தியில் திடீரென 'தி' வந்தால், அந்த ஆளையோ பொருளையோ மேலே எங்கே சந்தித்தோம் என்று திரும்பிப் பாருங்கள். மேலே இல்லாவிட்டால், பின்னால் வரும் விவரமே அதை அடையாளம் காட்டும். டிலனாய் வாக்கியத்தின் 'தி ஆர்மி' அப்படிப்பட்டது.

ஓரெழுத்துச் சொல்லான 'எ' பொருளையே மாற்றும் இடமும் உண்டு. புயல் எச்சரிக்கை நாளில் சின்னமுட்டத்திலிருந்து 'எ ஃப்யூ போட்ஸ் வென்ட் அவுட்' என்றால் சில படகுகள் கடலுக்குப் போயின என்று பொருள். 'ஃப்யூ போட்ஸ் வென்ட் அவுட்' என்றால் அநேகமாக எந்தப் படகும் போகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நாங்க களியக்காவிளைப் பக்கம். வீட்டுல மலையாளமும் கலந்துதான் பேசுவோம். அதனாலதான் இங்கிலீஷ் வரமாட்டேங்குதோ?

இல்லை. மலையாளமும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. விவரத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கும் மொழி. எனவே மேலே சொன்ன வாக்கிய அமைப்புச் சிக்கல் உங்களுக்கும் அதே அளவில்தான் இருக்கும், கூடுதலாக இராது. இரண்டு மொழிகளுக்கிடையே நாள்தோறும் மாறிப் பேசும் பழக்கம் உள்ளவர்கள் மூன்றாவது மொழிக்கு அஞ்ச வேண்டியதே இல்லை.

'நீ வரலையா?'ன்னு இங்கிலீஷ்ல கேட்டா 'யெஸ்' சொல்லணுமா, 'நோ' சொல்லணுமா?

வராவிட்டால் 'நோ'. தமிழில் கேள்வியை ஒப்புக்கொண்டு 'ஆமா, வரலை' என்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும் நடந்தது என்ன என்பதற்கே 'யெஸ்', 'நோ' பொருந்தும். வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகும் செவிலியர்கள் இதை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும். 'டிட்ன்ட் யூ கிவ் தி டேப்லெட்?' என்ற கேள்விக்குக் கொடுக்காதபோது 'யெஸ்' என்று சொன்னால், மாத்திரை கொடுத்தாயிற்று என்றே எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார்.

தெரியாத வார்த்தை வந்தா உடனே டிக்ஷனரியைப் பார்க்கலாமா?

ஒரு பத்தியை முடிக்கும் முன் பார்க்க வேண்டாம். மாத்தூர் வாக்கியத்தில் 'அக்விடக்ட்' என்பது தெரியாவிட்டாலும், அது கட்டப்பட்டது என்றும் பள்ளத்தாக்கின் குறுக்கே தண்ணீரைக் கொண்டு செல்வது என்றும் மற்ற சொற்களே சொல்லிவிடுகின்றன. பத்தி முடிந்த பிறகும் பொருளுக்குத் தடையாக நிற்கும் சொல்லை மட்டும் பாருங்கள். பார்த்த சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

'ஹவெவர்', 'ஆல்தோ', 'அன்லெஸ்' மாதிரி வார்த்தைகள் வந்தா தடுமாறிடுறேன்.

'ஹவெவர்' வந்தால் அதுவரை சொன்னதிலிருந்து ஆசிரியர் திரும்புகிறார். அவருடைய சொந்தக் கருத்து பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் இருக்கும். 'ஆல்தோ' தொடங்கும் பகுதி ஒப்புக்காக ஏற்றுக்கொள்வது. அழுத்தம் மற்றப் பாதியில்.

'அன்லெஸ்' என்பதற்குள் ஓர் எதிர்மறை ஒளிந்திருக்கிறது. 'தி ஃபெர்ரி வில் நாட் ரன் அன்லெஸ் தி ஸீ இஸ் காம்' என்ற வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைகள் இருப்பதால், 'கடல் அமைதியாக இருந்தால்தான் படகு ஓடும்' என்று நேராக்கிப் படிக்க வேண்டும். 'ஹார்ட்லி', 'ஸெல்டம்' ஆகியவையும் 'நாட்' இல்லாமலே எதிர்மறைப் பொருள் தருபவை.

தேர்வுல முதல்ல பாசேஜைப் படிக்கணுமா, கேள்வியைப் படிக்கணுமா?

தேர்வைப் பொறுத்தது. மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். அவற்றில் ஆங்கிலம் 25. தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும். அங்கே வரும் பத்தி சிறியதாகையால் கேள்விகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பத்தியை ஒரே மூச்சில் முழுமையாகப் படிப்பது நல்லது. வெளிநாடு செல்பவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-இன் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். அகாடமிக் பிரிவில் மூன்று நீண்ட கட்டுரைகளைப் படிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் படித்து எது எங்கே இருக்கிறது என்று மனத்தில் குறித்துக்கொண்டு, பிறகு கேள்விக்கு வந்து, உரிய பத்தியை மட்டும் ஆழ்ந்து படிக்க வேண்டும். தவறான விடைக்கு அதில் மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எந்தக் கேள்வியையும் வெற்றாக விடக் கூடாது.

'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்வியில 'ஃபால்ஸ்' எது, 'நாட் கிவன்' எதுன்னே தெரியலை.

டிலனாய் வாக்கியத்தை மட்டும் பத்தியாகக் கொண்டு மூன்று கூற்றுகளைச் சோதிப்போம். 'டிலனாய் தாம் தோற்ற பிறகே அந்தப் படைக்குப் பயிற்சி அளித்தார்' என்பது 'ட்ரூ', ஏனெனில் 'லேட்டர்' என்ற சொல் அதைச் சொல்கிறது. 'குளச்சல் போரில் வென்றது டிலனாய் தரப்பு' என்பது 'ஃபால்ஸ்'. வாக்கியம் அதை நேரடியாக மறுக்கிறது.

'டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது' என்பது மூன்றாவது கூற்று. புலியூர்க்குறிச்சி வழியாகப் போய்வரும் நமக்கு அது உண்மை என்று தெரியும். ஆனாலும் விடை 'நாட் கிவன்'. வாக்கியம் அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. பத்தியில் உள்ள ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டி மறுக்க முடிந்தால் 'ஃபால்ஸ்'. சுட்டிக்காட்ட எதுவுமே இல்லாவிட்டால் 'நாட் கிவன்'. நன்றாகப் படித்தவர்கள்தான் இந்தக் கேள்வியில் அதிகம் தவறுகிறார்கள், ஏனெனில் அவர்கள் பத்திக்கு வெளியே இருந்து அறிவைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

நேரடியா எழுதாததை ஊகிக்கச் சொல்றாங்களே, அப்போ வெளியறிவு வேண்டாமா?

மேலே சொன்ன கட்டுப்பாடு இங்கும் மாறாது. எழுதியதிலிருந்து கட்டாயமாகப் பெறப்படுவது ஊகம். இருக்கலாம் என்று தோன்றுவது வெறும் கற்பனை. டிலனாய் பின்னாளில் பயிற்சி அளித்தார் என்பதால் அவர் குளச்சல் போரில் உயிரிழக்கவில்லை என்பது கட்டாயமாகப் பெறப்படும். 'மன்னர் பெருந்தன்மையானவர்' என்பது அழகான எண்ணம். ஆனால் அந்த வாக்கியத்தில் அதற்குச் சான்று இல்லை. 'ஆல்வேஸ்', 'ஆல்', 'ஒன்லி' போன்ற சொற்கள் உள்ள விடைகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பத்தி 'ஸம்' என்று சொன்னதை விடை 'ஆல்' என்று விரித்திருக்கும்.

படிச்சது எதுவுமே ஓர்மையில நிக்கமாட்டேங்குது சார். வேகமும் இல்லை.

ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் சொன்னதை ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் நினைவில் குறையில்லை, புரியவில்லை என்றுதான் பொருள். அந்தப் பத்தியின் முதன்மை வினைகளுக்குக் கோடிட்டுத் திரும்பப் படியுங்கள். வரிக்கு வரி தமிழாக்கம் செய்துகொண்டே படிப்பது வேகத்தைக் கெடுக்கும். பத்தியின் முடிவில் தமிழில் சுருக்கிச் சொல்வது புரிதலை உறுதிப்படுத்தும். வேகத்தைத் தனியாகத் துரத்த வேண்டாம். வாக்கியத்தின் முதுகெலும்பு கண்ணில் படத் தொடங்கியதும் அது தானாகக் கூடும்.

எனக்கும் எனக்க வீட்டுக்காரருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எனக்க மவனுக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவனை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அன்றைய ஆங்கிலப் பாடத்தை அவன் உங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். 'யாரு செய்தது?', 'எதுக்கு அப்படிச் செய்தான்?', 'அது புஸ்தகத்துல எந்த வரியில இருக்கு, காட்டு' என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும், வரியைத் தேடும்போது அவன் முழுப் பத்தியையும் மறுபடி படித்தாக வேண்டும். சத்தமாகப் படிக்கும்போது அவன் தடுமாறுவதும் உங்கள் காதுக்குத் தெரியும்; அந்த இடத்தை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னால் போதும்.

எதைப் படிச்சுப் பழகலாம்? காசு செலவழிச்சுப் புத்தகம் வாங்க வசதி இல்லை.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்திலும் ஊர்ப்புற நூலகங்களிலும் உறுப்பினராகச் சேர ஆகும் செலவு மிகக் குறைவு. என்சிஇஆர்டி பாடநூல்களையும் தமிழ்நாடு பாடநூல்களையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆங்கிலவழிச் சமூக அறிவியல் நூல்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன், ஏனெனில் செய்தி நமக்கு ஓரளவு தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் வாக்கிய அமைப்பின் மேல் நிற்கும். நாளிதழின் தலையங்கத்தைப் பிறகு எடுக்கலாம். அதில் ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும்.

எல்லாம் புரிஞ்சமாதிரிதான் இருக்கு. ஆனாலும் விடை தப்பாகுது. இனி என்ன செய்ய?

தவறிய ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் காரணத்தைக் குறியுங்கள். முதன்மை வினையைத் தவறவிட்டீர்களா, 'ஹிம்', 'இட்', 'திஸ்' போன்ற சுட்டுப் பெயர் யாரைக் குறிக்கிறது என்பதில் பிசகினீர்களா, எதிர்மறையைக் கவனிக்கவில்லையா, வெளியறிவைக் கொண்டுவந்தீர்களா என்று பிரித்துப் பாருங்கள். சில வாரங்களில் ஏதோ ஒரு காரணம் மற்றவற்றைவிட அதிகமாகத் தெரியும். புதிய மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவிப்பதை அப்போது நிறுத்திவிட்டு, அந்த ஒரு காரணத்துக்குரிய பதிலை மேலே திரும்பப் படித்து, பழைய பத்திகளையே எடுத்து அந்த ஒன்றை மட்டும் பழகுங்கள். அடுத்த மாதிரித் தேர்வை அதன் பிறகு எழுதினால் போதும்.